இரும்பு மிகுந்த உடலும் கருத்தடை மாத்திரையும்

இரும்புச் சத்துக் குறைவதனால் நம் பெண்கள் படும் அல்லலைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேசப் புகுவது அதற்கு நேர்மாறான நிலை. இரும்பு மிகுவதனால் உண்டாகும் பரம்பரை நோய்.

ஹீமோகுரோமாற்றோசிஸ் என்பது அதன் பெயர். பாரிஸ் நகரத்து வைத்தியர் துரூசோ 1865ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இது பரம்பரை வழியே வருவது என 1935இல் எடுத்துரைத்தவர் ஆங்கில வைத்தியர் ஷெல்டன். காரணமான பரம்பரையலகோ 1996இலேதான் அகப்பட்டது. அயர்லாந்தில் இக்குறை மிகுதி. அங்கே ஏறக்குறைய 83 பேருக்கு ஒருவர் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்றுள்ளார். ஆயினும் அவர்கள் எல்லோரும் நோயுறுவதில்லை.

மிஞ்சிய இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. உணவிலிருந்து எவ்வளவை ஏற்பது என்பதை ஈரலிற் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஓமோனே கட்டுப்படுத்துகின்றது. இந்நோயில் அது குறைந்துவிட, 3 அல்லது 4 கிராம் இரும்பு இருக்கவேண்டிய உடலில் 20 கிராமுக்கு மேலும் சேரக்கூடும். ஈரல் கெடும், நீரிழிவு தோன்றும், இதயம் தளரும்.

பெண்களுக்கு மாத்திரம் இயற்கை ஒரு வடிகால் வைத்திருக்கின்றது. மாதவிடாயில் 30 அல்லது 40 மில்லிலீற்றர் இரத்தம் போனால், 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பும் உடன் போகின்றது. அதனாலேயே ஆண்களுக்கு நடுவயதில் வெளிப்படும் இந்நோய், பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின் வெளிப்படுகின்றது. கருத்தடை மாத்திரையோ அவ்விரத்தப்போக்கைக் குறைத்துவிடுகின்றது. மாத்திரை நோயை உண்டாக்குவதில்லை. வடிகாலைச் சுருக்குகின்றது, அவ்வளவே. இன்னொன்றும் உண்டு. இரும்பு மூளையடிச் சுரப்பியைத் தாக்கினால் மாதவிடாய் தானே நின்றுபோகும். மாத்திரை உண்பவளுக்கு மாதந்தோறும் செயற்கையாக இரத்தம் போவதால் அவ்வறிகுறி மறைந்துவிடக்கூடும்.

அயர்லாந்திலே 1935 முதல் கருத்தடைப் பொருள்களின் விற்பனை தடைசெய்யப்பட்டிருந்தது. 1979இற் சட்டம் தளரும்வரை, மாதவிடாயைச் சீராக்கும் மருந்து என்ற பெயரிலேயே வைத்தியர்கள் இம்மாத்திரையை எழுதிக் கொடுத்தனர். சட்டத்தின் கண்ணைக் கட்டிய பெயர்! இந்நோய் மிகுந்த நாட்டிலேயே பெண்கள் பலர் உண்மைப் பெயர் சொல்லாமல் அதனை உண்டனர்.

சில மாத்திரைப் பொதிகளில் 21 ஓமோன் மாத்திரைகளோடு 7 இரும்பு மாத்திரைகளும் இருக்கும். இரத்தசோகை மலிந்த நம் நாட்டிலே அவை பெரும் உதவி, அஞ்சி எறிந்துவிடாதீர்கள். இந்நோயுள்ள பெண்ணுக்கு மட்டுமே அவ்வேழும் ஆகாதவை. சோர்வு கண்டவுடன் சோகை என்று தாமே முடிவுசெய்து இரும்பு உண்பதும் அவளுக்குத் தீது. இரத்தத்தில் பெரிற்றின் அளவைச் சோதித்தால் ஐயம் தெளியும். சிகிச்சையோ மிகப் பழையது: இரத்தத்தை வடித்தெடுத்தல். ஒருமுறை 500 மில்லிலீற்றர் எடுத்தால் 250 மில்லிகிராம் வரை இரும்பு நீங்கும்.

ஐரோப்பிய வகை நம்மிடையே அரிது. நம் நாட்டிற் பரம்பரையாக வரும் தலசீமியா நோயாளரிடம், ஏற்றப்படும் இரத்தத்தினாலேயே இரும்பு சேர்கின்றது. அவர்களுக்கு இரத்தம் வடிக்க இயலாது, இரும்பை அகற்றும் மருந்தே வேண்டும். இவ்விரு நோய்களில் எது குடும்பத்தில் இருந்தாலும், கருத்தடை முறையொன்றைத் தெரிய வரும் பெண், தமையனுக்கோ தந்தைக்கோ இருந்த நோயை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிடுவாளாக. ஈரல் பெரிதும் பழுதுற்றிருப்பின் அவர் வேறு முறையைத் தெரிந்துகொடுப்பார்.