பனுவலால் பெற்ற பெயர்



இயற்பெயர் மறைந்த புலவர் சிலர் குறுந்தொகையில் உளர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அவர்கள் வழங்கப்பெறுகின்றனர். ஊரும் குடியும் தெரியவில்லை. பாட்டு மட்டுமே எஞ்சியது. பாட்டின் தொடரே புலவருக்குப் பெயராயிற்று. இன்று நச்சுயிரியலிலும் இத்தகைய நிலை நேர்ந்துள்ளது.

முன்னாளில் நச்சுயிரிக்கு நோயோ இடமோ பெயர் தந்தது. புகையிலைத் தேமல் நச்சுயிரி நோயால் பெயர் பெற்றது. 1976இல் வெளிப்பட்ட எபோலா ஓர் ஆற்றால் பெயர் பெற்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, நுண்ணோக்கியில் வடிவம் கண்டு வகைப்படுத்தினர். இப்போதோ கடல்நீரிலும் மண்ணிலும் மனிதக் குடலிலும் கிடைக்கும் மரபணுத் துணுக்குகளைப் படித்து, கணிப்பொறியால் கோக்கின்றனர். உடலைக் காணுமுன்பே பனுவல் கைக்கு வந்துவிடுகிறது.

2014இல் ஆய்வாளர் சிலர், 12 பேரின் மல மாதிரிகளில் கிடைத்த துணுக்குகளைக் கோத்து, ஏறத்தாழ 97,000 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அந்த நச்சுயிரியை அதுவரை எவரும் அறிந்ததில்லை. ஆயினும் மனிதக் குடலில் அது மிகப் பரவலாக இருப்பது புலனாயிற்று. துணுக்குகளைக் கோக்க உதவிய நிரலின் பெயரைக் கொண்டே அதனைக் ‘கிராஸ்பேஜ்’ என்றனர். பாக்டிராய்டீஸ் என்னும் குடல் நுண்ணுயிரியே அதன் உறைவிடமாகலாம் என்று எழுத்தைக் கொண்டே உய்த்துணர்ந்தனர். 2018இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் அதன் உறவினம் ஒன்றை அந்நுண்ணுயிரி இனத்திலேயே வளர்த்துக் காட்டினர். பனுவல் பொய்க்கவில்லை.

மரபணு வரிசை மட்டுமே கிடைத்த நச்சுயிரிகளையும் முறைப்படி வகைப்படுத்தலாம் என்று வல்லுநர்கள் 2017இல் அறிவித்தனர். பன்னாட்டு நச்சுயிரி வகைப்பாட்டுக் குழுவும் அதனை ஏற்றது. கிராஸ்பேஜுக்குப் பின்னர்க் ‘கார்ஜிவைரஸ் கம்யூனிஸ்’ என்ற இனப்பெயர் அமைந்தது. பின்சொல்லுக்குப் ‘பொதுவானது’ என்பது பொருள்.

எனினும் அச்சம் ஒன்று உண்டு. சிதைந்த இரு சுவடிகளின் ஓலைகளை ஒன்றாகக் கோத்துவிட்டால், எவரும் பாடாத நூல் ஒன்று பிறந்துவிடும். மரபணுத் துணுக்குகளிலும் அப்பிழை நேரும். உலகில் எங்குமே இல்லாத உயிரி பட்டியலில் இடம்பெற்றுவிடும். அதற்கு அஞ்சிக் கதவடைத்தாலோ, வளர்த்துக் காண இயலாத பெருந்தொகை நச்சுயிரிகள் பெயரின்றியே நின்றுவிடும். ஆகவே வரிசை முழுமையானதா, பிழையற்றதா என்று ஆராய்ந்தே பெயரிடல் வேண்டும்.

செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் புலவரின் ஊரைச் சொல்லத் துணியவில்லை, குடியைப் புனையவில்லை. பாட்டு தந்ததை மட்டும் சொல்லி அமைகிறது. பத்தாண்டுகளாகப் பாட்டை நுணுகிப் படித்துவரும் இம்மன்றத்தார் அவ்வடக்கத்தின் அருமையை அறிவர். அறிந்த அளவே பெயர் பேச வேண்டும். அறியாததை அது புனைந்துரைத்தல் கூடாது.