கைபேசியில் புரோநோட்டு



ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வைத்துவிட்டுப் பின்னர் வருந்திய குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வாறு கொடுத்த தாளை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதை வாங்கியவருக்கே அளிக்கிறது. இன்று அந்தப் புரோநோட்டு கைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. மை தோய்ந்த பெருவிரல் செய்த வேலையை இப்போது ஓ.டி.பி. என்னும் இரகசிய எண் செய்கிறது. ஆதார் வழியாக இவ்வாறு இடும் மின்கையொப்பத்தைச் சட்டம் ஏற்கிறது.

இதில் நாம் அறிய வேண்டுவன மூன்று.

முதலாவது, யாருக்கு எழுதலாம் என்பது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலில் மின்னணுப் புரோநோட்டுக்கு இடந்தரவில்லை. 2022இல் மத்திய அரசின் அறிவிக்கை அதனைத் திருத்தியது. அதன்படி, ரிசர்வ் வங்கி, தேசிய வீட்டுவசதி வங்கி போன்றவற்றின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு, கேட்டவுடன் பணம் செலுத்துவதாக எழுதும் நோட்டு மின்னணு வடிவில் செல்லும். ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் தனியாருக்கு இது பொருந்தாது. அவருக்குக் கைபேசியில் எழுதித் தருவது சட்டப்படி புரோநோட்டு ஆகாது.

இரண்டாவது, நிலத்தைப் பற்றியது. புரோநோட்டு கடனைக் காட்டுமேயன்றி நிலத்தை அடமானம் ஆக்காது. அதற்குப் பதிவு செய்த அடமானப் பத்திரமோ, அரசு அறிவித்த நகரங்களில் மூலப்பத்திரத்தை ஈடாக ஒப்படைத்தலோ வேண்டும். எனினும், நோட்டின்மேல் வழக்கிட்டு டிகிரி பெற்றவர் நிலத்தை ஜப்தி செய்யக் கோரக்கூடும். ஆதலால் நோட்டை அற்பமாக எண்ணலாகாது.

மூன்றாவது, கடன் தீர்ந்த பின் செய்ய வேண்டியது. ரிசர்வ் வங்கி 2023இல் வகுத்த விதிப்படி, அதன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்கள் கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தருதல் வேண்டும். தம் தவறால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். பலர் இதனைக் கேட்டுப் பெறுவதில்லை.

ஆகவே, ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுமுன் கடன் கொடுப்பவர் பெயர், தொகை, வட்டி ஆகியவற்றைப் படித்தறிவோம். படிக்க இயலாதவருக்குப் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டட்டும். கையொப்பமிட்ட ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம். அயலார் கேட்டார் என்று வெற்றுத்தாளில் கைநாட்டு வையோம். அவ்வாறே அயலாரிடம் அந்த எண்ணையும் சொல்லோம். இரண்டும் ஒன்றே.