பிள்ளைகளின் விளையாட்டும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

வலங்கைமான் வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் அண்டை வீட்டார் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து படிக்கின்றனர். அவர்களுடைய விளையாட்டைக் குறித்துச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

விளையாட்டு வீண்பொழுது என்று எண்ணுவோர் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

இதற்கு நிதி இல்லாமல் இல்லை. 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருட்களுக்கென வகுத்தது. 200 வேலை நாட்களுக்குப் பகிர்ந்தால் பள்ளி முழுமைக்கும் நாளொன்றுக்கு 25 ரூபாய்! அதுவும் உறுதியன்று, 2024–25இல் மத்திய, மாநில அரசுகளிடையே எழுந்த பிணக்கால் தமிழகத்திற்குரிய இத்திட்ட நிதியே நிறுத்தி வைக்கப்பட்டது.

பொருளைவிடப் பெரிய குறை ஆளும் நேரமும் ஆகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை, 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள இடத்தில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே அது விதிக்கிறது. ஆகவே தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியரே விளையாட்டையும் நடத்த வேண்டியுள்ளது. பாடம் முடியாத நாளில் முதலில் பறிபோவது விளையாட்டு வேளையே. பந்து பீரோவில் பூட்டியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

இங்கிலாந்தில் 2013 முதல் தொடக்கப் பள்ளிகளின் உடற்கல்விக்கெனத் தனி நிதி வழங்கப்பட்டு வந்தது. அதை எவ்வாறு செலவிட்டோம், அதனால் பிள்ளைகளிடம் என்ன மாற்றம் கண்டோம் என்பதைப் பள்ளி பொதுவில் வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. நமக்கும் அதற்கு வழியுண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசு நிதியாயினும் பிறர் தரும் நிதியாயினும் அதன் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பைச் சட்டம் அக்குழுவிடமே ஒப்படைத்துள்ளது.

ஆகவே நாம் வேண்டுவது இவைதாம்:

முதலாவதாக, பெற்றோர் அக்குழுக் கூட்டங்களில் தவறாது கலந்துகொண்டு, விளையாட்டு வேளை நடக்கிறதா, பெண் பிள்ளைகளுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் முறை வருகிறதா என்று கனிவுடன் கேட்க வேண்டும். வென்றவருக்குக் கோப்பை வழங்குவது எளிது. எல்லோரையும் ஆட வைப்பதே அரிது.

இரண்டாவதாக, ஸ்கிப்பிங் கயிறு, டென்னிகாய்ட் வளையம், பந்து, காற்றடிக்கும் பம்பு, கபடிக் கோடு போடச் சுண்ணாம்புத் தூள் ஆகியவற்றை ஆண்டுதோறும் நாம் வழங்கலாம். ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று திருமறை வரையறுத்துள்ளது. ஆதலால் இதற்கு ஸகாத் பணத்தைத் தொடாமல், ஸதகாவாகத் தனியே திரட்டிக் குழுவிடம் ரசீது பெற்றுக் கொடுப்போம். இன்னார் பிள்ளை என்ற வேற்றுமை அதில் வேண்டாம்.

மூன்றாவது, நம் கையில் உள்ளது. பள்ளி விட்டதும் மக்தப், பின்னர் டியூஷன் என்றால் பிள்ளை எப்போது ஓடியாடும்? அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை விளையாட்டுக்கு விட்டு, மக்தப் பாடத்தை மஃக்ரிபுக்குப் பின் நடத்த நாம் ஆயத்தமாக உள்ளோம். பெற்றோர் இசைவு தெரிவித்தால் நிர்வாகம் முடிவு செய்யட்டும்.

நம் பிள்ளைகளுக்கு நல்லுடலும் நல்லறிவும் நல்லொழுக்கமும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.