அங்கக் குறையுள்ள மாணவரும் கலாசாலைப் படிப்பும்

(காரியாபட்டியில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இச்சபைக்குப் புதிது. கண்மாய் மராமத்தைப் பற்றியும் கலியாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் இங்கே பன்முறை பேசப்பட்டிருக்கிறது. கண் தெரியாத, காது கேளாத, கைகால் வழங்காத நம் பிள்ளைகள் கலாசாலைப் படிப்பை எங்ஙனம் முடிப்பது என்பதை மட்டும் ஒருவரும் பிரஸ்தாபித்ததில்லை. நாமும் பிரஸ்தாபித்தோமில்லை.

நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம்; கரிசற்காட்டில் மானாவாரிப் பருத்தி போட்டுப் பிழைப்பவர்கள். அவ்வீட்டுப் பெண்ணுக்குச் சிறு பிராயத்திலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கி ஒரு கலாசாலையிற் சேர்ந்தாள். வகுப்பு இரண்டாம் மாடியில், கழிப்பிடம் கீழே. காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். இறங்க நேரிடுமோ என்று அஞ்சிப் பகல் முழுதும் தண்ணீர் குடியாமல் இருந்தாள். ஏழு மாதத்தில் படிப்பு நின்றது. "எல்லாம் தலையெழுத்து, ஐயா" என்றார் தகப்பனார். நாமும் தலையை அசைத்துவிட்டுத் திரும்பினோம். ஒரு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தால் அத்தலையெழுத்து மாறியிருக்கும் என்பது பிற்பாடு சட்டத்தைப் பார்த்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

அச்சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முந்திய 1995ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கில் எடுத்தது. இது 21 வகைகளைச் சொல்லுகிறது. சர்க்கார் கலாசாலைகளும் சர்க்கார் உதவி பெறும் கலாசாலைகளும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்களை இம்மாணவருக்கு ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்த்த வேண்டும். ஆயினும் நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஒருவனுடைய குறைக்கு ஏற்ப, பிறருக்கு மிதமிஞ்சிய பாரமாகாத வகையில், செய்துகொடுக்கத் தக்க மாறுதலைச் செய்ய மறுப்பதே பாரபட்சம் என்று அச்சட்டம் வகுத்திருக்கிறது. மறுப்பவர் மனத்தில் துவேஷம் இருந்ததா என்ற கேள்வி அங்கே எழவில்லை. கலாசாலையார் நல்லவர்களாகவே இருக்கலாம். அப்பெண் மாடியிலேதான் இருந்தாள்.

பரீட்சை விஷயமாக 2018ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டனர். சட்டத்தின்படி நூற்றுக்கு 40க்குக் குறையாத குறையுடையவர்களில், கண் தெரியாதவர்களும், இரு கைகளும் வழங்காதவர்களும், மூளை வாதத்தால் பீடிக்கப்பட்டவர்களும், சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரைக் கேட்டுப் பெறலாம் என்று அவ்விதிகள் கூறின. மற்றவர்கள் தமக்கு எழுத இயலாது என்று தக்க வைத்திய அதிகாரியின் அத்தாட்சியைக் காட்ட வேண்டியிருந்தது. மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணிக்குக் குறையாத அதிகக் காலம் உண்டு.

நாற்பதுக்குக் குறைந்தவர் என்ன செய்வது? இக்கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் கொண்டுசென்றவர் விகாஷ் குமார் என்னும் வைத்தியப் பட்டதாரி. எழுதத் தொடங்கினால் கை இழுத்துக்கொள்ளும் வியாதி அவருக்கு. சிவில் சர்வீஸ் பரீட்சையில் தமக்கு எழுத ஆள் வேண்டுமென்றார், தேர்வாணையம் மறுத்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். இடஒதுக்கீட்டுக்கு வைத்த 40 என்னும் அளவை, எழுத உதவி கேட்பவனுக்கும் அளவுகோலாக வைப்பது தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மறு வருஷமே அதற்கேற்ற விதிகளைச் சர்க்கார் வெளியிட்டனர்.

நம் தமிழ்நாட்டுச் சங்கதியும் அத்தீர்ப்பில் வருகிறது. பார்வைக் குறை நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவர் சிவில் நீதிபதியாகலாகாது என்ற நிபந்தனையை 2019இல் அதே கோர்ட்டு சரியென்று சொல்லியிருந்தது. தக்க வசதி என்னும் தத்துவத்தை அப்போது கவனிக்கவில்லை என்று 2021இல் அவர்களே எடுத்துக் காட்டினார்கள். 2025ஆம் வருஷம் மார்ச்சு மாதத்திலோ, கண் தெரியாமையை மாத்திரம் காரணமாகக் கொண்டு நீதித்துறை உத்தியோகத்தை மறுக்கலாகாது என்று தீர்த்துவிட்டார்கள். கோர்ட்டாரே தம் கருத்தை மாற்றிக்கொண்டிருக்க, நாம் மாற்றிக்கொள்ள வெட்கப்படுவானேன்?

"கண் தெரியாதவர் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் நம்முள் இல்லாமல் இல்லை. அவர்களுக்குத் தொலைதூரத்து உதாரணம் வேண்டா. நமக்கு வடக்கே, பஸ் ஏறினால் போய்ச் சேரும் மதுரையில், பூரண சுந்தரி என்ற பார்வையற்ற பெண்மணி 2019ஆம் வருஷத்துச் சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். பெற்றோர் வாசிக்க வாசிக்கக் கேட்டும், பாடங்களை ஒலிவடிவிற் கேட்டும் படித்தவர் அவர். அந்த வீட்டில் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஒருவர் உட்கார்ந்தார் என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். சட்டம் கொடுத்ததை நம்மவர் வாங்காமற் போவதற்குப் பெரிய காரணம் சர்க்காருமன்று, கலாசாலையுமன்று. மூத்தவளுக்குக் குறை என்று அத்தாட்சி வாங்கினால் இளையவளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்ற பயம் அது. காது மந்தமான பையனை "கவனக் குறைவு" என்று சொல்லி வளர்த்துக் கடைசிப் பெஞ்சியில் உட்காரவைத்த வீடுகளை நாம் அறிவோம். அத்தாட்சி இன்றேல் ஒதுக்கிய இடமும் இல்லை, அதிகக் காலமும் இல்லை. விண்ணப்பக் காலத்தில் அலைந்து பயனில்லை. பள்ளிக்கூடத்திலேயே வாங்கிவைக்க வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர் நம்முள்ளேயே இருப்பவர்தாமே? இதனால் ஒரு சம்பந்தத்தைத் தள்ளமாட்டோம் என்று இச்சபையிலுள்ள பெரியோர் நாலு பேர் வாய்விட்டுச் சொன்னால், பாதிப் பயம் இன்றே தெளியும். நம் வீட்டில் அவ்விதம் தள்ளமாட்டோம் என்று நாம் முதலில் சொல்லிவைக்கிறோம்.

பிறரைக் குறை சொல்லுமுன் நம் வாயிலையும் பார்த்தோம். இச்சங்கக் கட்டிடத்திற்கு ஐந்து படிகள்; படி ஒன்றுக்கு ஆறு அங்குலமாக உயரம் இரண்டரை அடி. சக்கர நாற்காலி ஏறத்தக்க சரிவுக்கு ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆக முப்பது அடி. கிழக்குச் சுவரை ஒட்டிச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அது அடங்கும். கயிறு பிடித்து அளந்தாயிற்று. கொத்தனாரிடம் கேட்ட செலவுக் கணக்கு பொக்கிஷதாரர் கையில் இருக்கிறது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டவும் எழுதிக் கொடுக்கவும் முன்வரும் வாலிபர்கள் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.

முற்கூறிய பெண்ணின் வீட்டுக்குச் சென்ற வாரம் மறுபடி போனோம். அத்தாட்சி இன்னும் வாங்கவில்லை. அடுத்த வைத்திய முகாமுக்குத் தகப்பனாரையும் பெண்ணையும் நாமே அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம், அவரும் சம்மதித்தார். கலாசாலைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதோ மேஜைமேல் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் சபையோர் அதில் கையொப்பமிட வேண்டுகிறோம்.