நகரமும் துப்பாக்கிச் சட்டமும்

நீங்கள் குடியிருக்கும் நகரத்தின் மாநகராட்சி எவ்வெவற்றுக்கெல்லாம் விதி செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், இறைச்சிக் கடை எங்கே அமையலாம், குப்பையை எவ்வாறு பிரித்துப் போட வேண்டும் என்பனவெல்லாம் அதன் ஆணைக்கு உட்பட்டவை. ஆனால் துப்பாக்கியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்ல இயலாது. தில்லியாயினும் நாகபுரியாயினும் நிலைமை ஒன்றே. நமது அரசியலமைப்பு படைக்கலங்களை மத்திய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. உரிமம் தருபவர் மாவட்ட மாஜிஸ்திரேட். பெருநகரங்களில் போலீஸ் கமிஷனர். 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைக் கூறியது. அவற்றுள் ஆயுதம் இல்லை. மைசூரிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்கள் அறிந்திருக்கும் குடகர் சலுகைகூட மத்திய அரசு தந்ததுதான்.

ஆகவே, ஒரு நகரம் தனக்கென்று துப்பாக்கிச் சட்டம் செய்து கொள்ளலாமா என்ற கேள்வி நமக்குப் புதுமையாகத் தோன்றும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது மிகப் பழைய வழக்கு.

அந்நாட்டின் மேற்குப் பகுதியைப் பற்றி வந்த திரைப்படங்களைப் பார்த்தவர்கள், அங்கே ஒவ்வொருவனும் இடுப்பில் துப்பாக்கியோடு கடைத்தெருவில் உலவினான் என்று நம்பியிருப்பார்கள். உண்மை வேறு. அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊர் 1881இல் ஓர் உள்ளூர்ச் சட்டம் இயற்றியது: ஊருக்குள் எவரும் கொலைக்கருவி ஏந்தித் திரியலாகாது, வெளியூரார் தம் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு நடமாட வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், அச்சட்டத்தை மீறியவர்களின் ஆயுதத்தைப் பறிக்க ஊர்க்காவல் தலைவரும் அவர் துணைவரும் சென்றபோது மூண்டதுதான் ஓ.கே. காரல் என்று பெயர் பெற்ற சண்டை. மூவர் மாண்டனர். துப்பாக்கி வீரத்தின் சின்னமாகப் பாடப்படும் அந்த நிகழ்ச்சி, உள்ளபடி ஒரு நகரச் சட்டத்தை நிறைவேற்றும் முயற்சியில் பிறந்தது! இன்றைய அரிசோனாவில் எந்த நகரமும் அப்படியொரு சட்டம் செய்ய முடியாது. ராஜ்யச் சட்டம் தடுக்கிறது.

இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது? அமெரிக்க அரசியலமைப்பு கூட்டரசையும் ராஜ்யங்களையும் பற்றித்தான் பேசுகிறது. நகரங்களைப் பற்றிப் பேசவில்லை. நகராட்சி என்பது ராஜ்யத்தின் படைப்பு, ராஜ்யம் கொடுத்த அதிகாரமே அதற்கு உண்டு என்பது அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் வகுத்த கொள்கை. பின்னர்ப் பல ராஜ்யங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை வழங்கின. ஆயினும் கொடுத்த கை எடுத்துக் கொள்ளவும் வல்லது.

எடுத்துக் கொள்ளும் காலம் 1980களில் மும்முரமாயிற்று. 1981இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள மார்ட்டன் குரோவ் என்னும் சிற்றூர் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்தது. மறு ஆண்டே ஜார்ஜியாவில் கென்னசா என்ற ஊர், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. மனச்சான்று இடம் தராதவர்களுக்கு விலக்கும் அளித்தது. ஆகவே, அது சட்டம் என்பதைவிட மறுமொழி என்பதே பொருந்தும். இப்படி ஊருக்கு ஊர் தடை பரவுவதைக் கண்ட துப்பாக்கி ஆதரவாளர்கள் ஒவ்வொரு நகர சபையோடும் மல்லுக்கு நிற்பதை விடுத்து, ராஜ்ய சட்டசபைகளை நாடினார்கள். இன்று 40க்கு மேற்பட்ட ராஜ்யங்களில் துப்பாக்கி பற்றி விதி செய்யும் அதிகாரம் நகரங்களிடமிருந்து முழுமையாகவோ பெரும்பாலுமோ பறிக்கப்பட்டிருக்கிறது. புளோரிடா 2011இல் ஒரு படி மேலே சென்றது. அத்தகைய விதியைத் தெரிந்தே இயற்றும் நகர சபை உறுப்பினருக்கு 5,000 டாலர் வரை அபராதம். கவர்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கவும் கூடும். அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2023இல் இதை ஏற்றுக் கொண்டது. செல்லாத சட்டத்தைச் செல்லாது என்று தள்ளுவது முறை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் மன்றத்தில் கை தூக்கி வாக்களித்ததற்கு அவருடைய சொந்தப் பணத்தைப் பறிப்பது முறையென்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வழக்கின் உயிர்நிலை கொலராடோவின் போல்டர் நகரத்தில் தெரிந்தது. 2018இல் அந்நகரம், போர்க்களத் துப்பாக்கியை ஒத்த சில வகைகளைத் தடை செய்தது. 2021 மார்ச் 12ஆம் நாள், நகரத்துக்கு இந்த அதிகாரம் இல்லை என்று நீதிபதி ஒருவர் தடுத்து நிறுத்தினார். பத்தாவது நாள், மார்ச் 22 அன்று, அவ்வூர்ப் பலசரக்கு அங்காடியில் ஒருவன் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். இறந்தவர்களுள் காவல் அதிகாரி ஒருவரும் உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, தீர்ப்பே கொன்றது என்று சிலர் கூறினார்கள். அது சரியன்று. சுட்டவன் வேற்றூரில் வாழ்ந்தவன். அந்த ஊரிலேயே துப்பாக்கி வாங்கியவன். நகரத்தின் தடை நிலைத்திருந்தாலும் அந்த விற்பனையை அது தடுத்திராது.

இங்கேதான் எதிர்த் தரப்பின் வலுவான வாதமும் இருக்கிறது. துப்பாக்கி சாக்கடையைப் போல ஓரிடத்தில் நிற்பதன்று. ஊர் எல்லையைக் கடந்து போய்வருவது. சிகாகோவில் போலீசார் கைப்பற்றிய துப்பாக்கிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தியானா முதலிய வெளி ராஜ்யங்களில் முதலில் விற்கப்பட்டவை என்று அந்நகரமே 2017இல் அறிக்கை வெளியிட்டது. மேலும், உரிமத்தோடு பயணம் செய்யும் யோக்கியமான மனிதன் காலையில் ஒரு நகரத்தில் சட்டத்துக்கு உட்பட்டவனாகவும் மாலையில் அடுத்த நகரத்தில் குற்றவாளியாகவும் ஆவது நியாயமா என்ற கேள்வியும் எளிதில் தள்ளத் தக்கதன்று.

ஆனால், ஒரே சட்டம் வேண்டும் என்பவர்கள் அந்த ஒரே சட்டத்தைத் தாமே கவனத்தோடு செய்ய வேண்டுமல்லவா? பெரும்பாலான ராஜ்யங்கள் நகரத்தின் கையைக் கட்டிவிட்டு, அந்த இடத்தைத் தாம் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டிருக்கின்றன. பிட்ஸ்பர்க்கில் 2018 அக்டோபரில் யூதர் தொழுகைக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல் அந்நகரம் இயற்றிய விதிகளை அதே ஆண்டு நீதிமன்றம் நீக்கியது. நகரம் செய்தது செல்லவில்லை. பென்சில்வேனியா சட்டசபையோ தான் செய்ய முன்வரவில்லை. இறந்தவர்களுடைய உறவினர் யாரிடம் முறையிடுவது?

நகரத்துக்கு மேலே ராஜ்யம் இருப்பது போல, இருவருக்கும் மேலே அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் இருக்கிறது. 1791இல் சேர்க்கப்பட்ட அது, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தனி மனிதனுக்கும் தருகிறது என்று 2008இல் வாஷிங்டன் நகரத்தின் தடையை நீக்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2010இல் சிகாகோ வழக்கில், அவ்வுரிமை ராஜ்யங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. இரண்டிலும் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஆகவே, ராஜ்யம் அனுமதித்தாலும் ஒரு நகரம் கைத்துப்பாக்கியை அடியோடு விலக்க இனி இயலாது. அடிப்படை உரிமைக்கு நாடெங்கும் ஒரே அளவு இருப்பதை நான் குறை கூறமாட்டேன். அந்த அளவுக்கு உட்பட்டு, நெருக்கமான நகரத்துக்கும் கரடி உலவும் மலைநாட்டுக்கும் வெவ்வேறு விதி இருந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

கொலராடோ அவ்வாறே கருதியது போலும். படுகொலை நடந்த அதே 2021இல், ராஜ்யச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை நகரங்கள் செய்து கொள்ளலாம் என்று அதன் சட்டசபை தன் பழைய தடையை நீக்கியது. பிலடெல்பியாவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. தங்களையே ராஜ்யம் காவாமல், காத்துக் கொள்ளவும் விடாமல் இருக்கிறது என்று அந்நகரமும், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் சேர்ந்து தொடுத்த வழக்கைப் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஒருமனதாகத் தள்ளியது. இனி அவர்கள் செல்லக்கூடிய இடம் ஹாரிஸ்பர்க்கிலுள்ள சட்டசபைதான்.