துப்பாக்கியைத் துறந்த தீரர்கள்

(முகப்பேரில் நடைபெற்ற இளைஞர் – வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆயுதம் ஏந்துவது எங்கள் மார்க்கத்துக்கு ஆகாது என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக வதைபட்ட மக்கள் உலகில் உண்டு. கிறிஸ்தவர்களில் மென்னோனைட்டுகள் என்று ஒரு பிரிவினர். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியவர்கள். போருக்குப் போக மறுத்ததால் நாடு நாடாக அலைந்தார்கள். ஸ்டாலின் ஆட்சியில் அவர்களுடைய போதகர்கள் பலர் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

"அது அவர்கள் வழி, நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா தம்பிமார்களே? கலிமாச் சொன்ன நம் மக்களிலேயே அப்படி ஒரு படை இருந்தது. அதன் பெயர் குதாயி கித்மத்கார். இறைவனின் ஊழியர்கள் என்று பொருள்.

பட்டாணியரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி இல்லாத வீடு இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பழிக்குப் பழி. அந்த மக்களிடையே கான் அப்துல் கஃபார் கான் 1929இல் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். வன்முறை செய்யேன், பழிவாங்கேன், கொடுமை செய்தவனை மன்னிப்பேன் என்று இறைவன் பெயரால் உறுதிமொழி கொடுத்தவரையே சேர்த்துக்கொண்டார். மக்காவில் 13 ஆண்டுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய பொறுமையே தமக்கு ஆயுதம் என்றார்.

சோதனை வராமல் இருக்குமா? 1930 ஏப்ரல் 23 அன்று அவரைக் கைது செய்தார்கள். பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் மக்கள் திரண்டார்கள். கையில் ஆயுதம் இல்லாத கூட்டத்தின் மீது வெள்ளையர் படை சுட்டது. முன்வரிசை விழ, பின்வரிசை முன்னே வந்தது. அந்நாளில் கட்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சந்திரசிங் கட்வாலியும் அவர் தோழர்களும் சுட மறுத்தார்கள். இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சுடப்பட்டவர்கள் முஸ்லிம்கள், சுட மறுத்துச் சிறை சென்றவர்கள் இந்துச் சிப்பாய்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் துப்பாக்கி ஏந்தியிருந்தால் அந்தச் சிப்பாய்களின் மனம் இளகியிருக்குமா? சிந்தியுங்கள்.

அடுத்ததைச் சொல்ல நாக்குத் தயங்குகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். வெள்ளையன் போனான், முஸ்லிம் அரசு வந்தது. 1948 ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தாவுக்கு அருகே பாப்ராவில் அதே கித்மத்கார்கள் மீண்டும் சுடப்பட்டார்கள். முதலமைச்சர் அப்துல் கையூம் கான். சுட்டவர்களும் கலிமாச் சொன்னவர்கள். அரசு சொன்ன கணக்கு சிறிது. இயக்கத்தார் சொன்ன கணக்கு பல நூறு. இயக்கமே தடை செய்யப்பட்டது. கஃபார் கான் தம் வாழ்நாளில் கால் பங்குக்கு மேல் இரண்டு அரசுகளின் காவலிலும் கழித்தார். அநீதி செய்பவன் யார் என்று பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தற்காப்பு உரிமையை மார்க்கம் தந்திருக்கிறது. நாட்டின் சட்டமும் தந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நான் பேசுவது பழிவாங்கலைப் பற்றி. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் நம்மவர் 18 பேர் கொல்லப்பட்டார்கள். நம் கடைகள் சூறையாடப்பட்டன. அந்த அநீதிக்கு நாடே தலைகுனிந்திருக்க வேண்டும். ஆனால் 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. பேச்சு முழுவதும் குண்டைப் பற்றியே ஆயிற்று. அந்த 18 பேருக்கான நீதியைக் கேட்க ஆளில்லை. பழி தீர்க்கப் போனவர்கள் பறிகொடுத்தது நம்முடைய நியாயத்தை. குற்றம் செய்யாத எத்தனை குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிறைவாசலில் நின்றன!

இளைஞர்களே! இன்று உங்களை உசுப்பிவிடக் கைப்பேசி ஒன்றே போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வரும் தம்பி ஒரு படத்தைப் பார்க்கிறான், இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். ஆனால் கையை ஓங்காதே! ஆதாரத்தை எடுத்து வை. ஜமாஅத்தாரிடம் சொல். வழக்கறிஞரைப் பார். புகாரை எழுத்தில் கொடு. ரசீதைக் கேட்டு வாங்கு. ஒருமுறை மறுத்தால் மறுமுறை போ. இதுவும் போராட்டம்தான், கல்லெறிவதைவிடக் கடினமான போராட்டம்.

வணிகப் பெருமக்களே! நம் கடைகளில் வாங்காதே என்று பிரச்சாரம் நடக்கும்போது மனம் புண்படத்தான் செய்யும். நாயகத்தின் குடும்பத்தாரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று குறைஷிகள் எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அபூதாலிப் கணவாயில் பட்டினி. அந்தப் பகிஷ்காரத்தை உடைத்ததில் மக்காவாசிகளிலேயே மனசாட்சியுள்ள சிலருக்கும் பங்கு உண்டு. முகப்பேரிலும் பாடியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்தான் உங்கள் சாட்சி. அளவையில் நேர்மையும் நாவில் இனிமையும் இருந்தால் அவர் உங்களைக் கைவிட மாட்டார்.

பட்டாணியன் துப்பாக்கியைக் கீழே வைத்தது பயத்தால் அல்ல. அதைத் தூக்குவது அவனுக்கு எளிது, வைப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வீரத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.