மாத்திரைக்குத் தெரியாத பசி

2002ஆம் ஆண்டு நடந்ததைச் சிங்கப்பூரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். உடல் இளைக்க 'ஸ்லிம் 10' மாத்திரை சாப்பிட்ட நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்தது. பின்னாளில் அவருக்குக் கணவரான நடிகர் பியர் பிங் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் காப்பாற்றினார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண்மணி பிழைக்கவில்லை. இதய வால்வைக் கெடுப்பதாக 1997லேயே அமெரிக்காவில் மீட்டுக்கொள்ளப்பட்ட ஃபென்ஃபுளூரமின் அதில் கலந்திருந்தது.

சரி, முறைப்படி விற்கப்படும் மாத்திரை? ஓர்லிஸ்டாட் இருக்கிறது. உணவிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடலில் சேராமல் தடுக்கும். சர்க்கரையையும் சோற்றையும் அது தொடாது.

இப்போது இரவு பதினொரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் ஏச்சு வாங்கி வந்த ஒரு தாய், பிள்ளைகள் தூங்கியதும் பிஸ்கட் டின்னைத் திறக்கிறார். வயிறு நிறைந்துதான் இருக்கிறது. விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே டின் காலியாகும்வரை சாப்பிடுகிறார். பிறகு குற்ற உணர்வு. மறுநாள் காலையில் பட்டினி, கூடவே இரண்டு மாத்திரை. பட்டினி கிடந்தவர் அன்றிரவு டின்னை விட்டுவைப்பாரா? போதாக்குறைக்கு, கல்யாண வீட்டில் உறவினர்களின் முதல் விசாரிப்பே, "என்னம்மா, குண்டாயிட்டே?" என்பதுதான்!

இவர் பலதுறை மருந்தகத்துக்குப் போனால் எடையை மட்டும் சொல்லக்கூடாது. இரவில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மனநல ஆலோசகரிடம் அனுப்ப மருத்துவரால் முடியும். மாத்திரைப் பெட்டியையும் கையோடு கொண்டுபோகட்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.